ஓசி வெறகும் ஒண்ணரை அண்டா பிரியாணியும்

வாய்யா, வா. வண்டிய அங்கிட்டு வேப்பமரத்தடியில போடு. என்ன அது பின்னால, கூரை முட்ட அடைச்சுக் கொண்டாந்திருக்க? வெறகா! அம்புட்டும் ஓசியா? அடி ஆத்தே. ஏசி ரூம்புல உக்காந்து கம்ப்யூட்டர் தட்டுன பிள்ளைக்கு இந்தச் சாமர்த்தியம் எங்கிட்டிருந்து வந்துச்சு? உங்க தாத்தா வழியா வந்திருக்கும். அந்த மனுசன் ஓசின்னா ஒத்தைக் கால்ல நிப்பாரு. அவரு கொண்டாந்ததை வைக்க இடந்தேடி நான் ரெண்டு கால்லயும் நிப்பேன்.

கடைக்கு என் பேரை வச்சிருக்கியாமே. 'அப்பத்தா விறகடுப்பு பிரியாணி', பரமக்குடி பைபாஸ்ல பத்தடி போர்டு. பால்காரப் பையன் போன்ல காட்டுனான். மூக்குத்தி போட்ட கிழவி ஒருத்தி சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. ஆரு அவ? இன்டர்நெட்டுல எடுத்ததா? நல்லா லட்சணமாத்தான் இருக்கா. ஆனா அவ பக்கத்துல அடுப்பைப் பாத்தியா, மூணு கட்டை எரியுது, பொட்டுப் புகை இல்ல, மூஞ்சியில சொட்டு வேர்வை இல்ல. அவளுக்கும் எனக்கும் அந்த மூக்குத்தி ஒண்ணுதான் பொருத்தம்.

சரி, இறக்கு. ஒவ்வொண்ணாப் பாப்போம்.

இது முருங்கை. காத்துல முறிஞ்சதா? வாத்தியார் வீட்டுதா? "சும்மாதான் கெடக்கு, எடுத்துட்டுப் போங்க தம்பி"ன்னாரா? சொல்லுவாரு. வாசலை அடைச்சுக் கெடந்ததைக் கூலி இல்லாம அள்ள ஒரு ஆளு வந்தா நானும்தான் தம்பிம்பேன், காப்பியும் குடுப்பேன். காப்பி குடுத்தாரா? அப்ப சரி. இன்னொரு மரம் வெட்ட வேண்டியிருக்கும், மறுபடியும் கூப்பிடுவாரு.

முருங்கைய எரிக்கக் கொண்டு போறானேன்னு ஊர்ல சிரிச்சிருப்பாகளே? சிரிச்சாகளா. அவுகளுக்கும் முழுசாத் தெரியாது, உனக்கும் முழுசாத் தெரியாது. ரெண்டு பேருக்கும் பொதுவா நான் ஒண்ணு சொல்றேன், கேளு. மேலத்தெருப் பிள்ளை ஒருத்தி காலேசுல கெமிஸ்ட்ரி படிக்கா. அவகிட்ட இதைக் கேட்டேன். சுத்தமாக் காஞ்சு போச்சுன்னா முருங்கையா இருந்தாலும் கருவையா இருந்தாலும் புளியா இருந்தாலும், கிலோவுக்குச் சூடு ஏறக்குறைய ஒண்ணுதானாம். 4,500 கிலோ கலோரிக்கு முன்னப் பின்ன வருமாம். அப்ப முருங்கை என்னய்யா பாவம் செஞ்சுச்சு? எடையில அதுக்குப் பாவம் இல்ல, கட்டுலதான் பாவம். நல்லாக் காஞ்ச முருங்கையில ஒரு கட்டு கட்டு, அதே தண்டிக்குக் கருவையில ஒரு கட்டு கட்டு. ரெண்டையும் தூக்கிப் பாரு. முருங்கை பாதிக் கனந்தான் இருக்கும். அடுப்பு வாய் என்னமோ ஒரே அகலந்தான். அதுல இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கிறதுல பாதி வெறுங்காத்து.

அது காஞ்ச முருங்கைக்கு உள்ள கதை. இது காயவே இல்லையே. நகத்தால கீறிப் பாரு, தண்ணி கசியுது. பச்சையில ஏறக்குறைய பாதி தண்ணிதான். ஒரு கிலோ தண்ணியக் கொதிக்க வச்சு ஆவியா விரட்ட 600 கிலோ கலோரிக்கு மேல ஆகும்னு அந்தப் பிள்ளை சொன்னா. அப்ப பாதிக்குப் பாதி தண்ணியா ஒரு கிலோ பச்சக் கட்டைய வச்சா, அதுல எரியப்போறது அரைக் கிலோ. அது தர்ற 2,250ல 300 தண்ணிய விரட்டவே போயிரும். மிச்சமும் சரியாப் பத்தாது, புகைஞ்சு புகைஞ்சு போகும். உன் கடையில பிரியாணி வேகுறதுக்கு முன்னாடி வெறகு வெந்திருக்கும்.

இன்னொண்ணு. இதைக் கடைக்குப் பின்னாடி மண்ணுல சாத்தி வச்சிராத. முருங்கை, கல்யாண முருங்கை, ஒதியம் மூணும் போத்து ஊணி வச்சாலே வேர் விடுற சாதி. வெறகுன்னு அடுக்கிட்டு ஐப்பசி மழை கழிச்சு வந்து பாத்தா தோப்பு நிக்கும். கிளைய வெட்ட நீ மறுபடியும் ஆள் தேடணும்.

மெத்துன்னு இருக்கிற கட்டை எதுக்குமே ஆகாதான்னு கேக்குறியா? அப்படி நான் எப்பச் சொன்னேன்? காஞ்ச முருங்கைக் கட்டை நம்ம சின்ன மாப்பிள்ளை மாதிரி. வருவாரு, வந்ததும் ஓஹோன்னு சத்தம் போடுவாரு, சோறு வடிக்கிறதுக்குள்ள கெளம்பிருவாரு. அவரு வேணும்யா. கல்யாண வீட்ட முதல்ல கலகலப்பாக்க அவரை விட்டா ஆளில்ல. கருவைத் தூர்ல நேராத் தீக்குச்சிய உரசி வச்சுப் பாரு, தீப்பெட்டிதான் தீரும். கீழ தென்னம்பாளை, பன்னாடை, அதுக்கு மேல காஞ்ச முருங்கைச் சிராய், அப்புறம் கருவைச் சுள்ளி, கடைசியாத்தான் கட்டை. தோசை சுட, வெந்நி போட, அப்பளம் பொரிக்க மெல்லிசு தீயே போதும். எங்க கரிசக்காட்டுல பருத்திமாரையும் எள்ளுத்தட்டையையும் வச்சே பாதி வருசத்தை ஓட்டியிருக்கோம். ஆனா பிரியாணிக்குத் தம் போடணும்லய்யா? அதுக்கு வர்றேன், இரு.

இதென்ன, பூவோட கெடக்கு? அரளியா! எங்க புடிச்ச? நாலுவழிச் சாலை நடுவுல வெட்டிப் போட்டிருந்தாகளா? கொஞ்சம் தள்ளி நில்லு. அதைத் தொட்ட கையோட என் சொம்பைத் தொடாத. வேரு, பட்டை, இலை, பாலு, எல்லாம் விசம். ஆடு கூட அந்தப் பக்கம் வாய் வைக்காது, அதனாலதான் ரோட்டுக்கு நடுவுல அம்புட்டுத் தைரியமா நிக்குது. அதோட புகையும் ஆகாது. 'அப்பத்தா பிரியாணி'ன்னு பேரு போட்டு, தின்னவனை ஆஸ்பத்திரியில படுக்க வச்சா போலீசு போர்டுல இருக்கிற கிழவியவா தேடும்? என்னைத்தான் தேடி வரும். அரளியத் தூக்கி அந்தக் குழியில போடு, ஆடு மேயாத இடமாப் பாத்து. பொரிக்கிற கறியக் குத்தி எடுக்கக்கூட அந்தக் குச்சிய வச்சுக்காத. சேராங்கொட்டையும் இந்த ரகந்தான், புகை பட்டாலே உடம்பு பொத்துப் போகும். நல்லவேளை, அது ரோட்டோரத்துல ஓசியாக் கெடைக்கல.

மூங்கிலும் இருக்கு. பந்தக்காரன் போட்டுட்டுப் போனதா? மூங்கில எரிச்சா வம்சம் போகும்பாக. வம்சம் போகுதோ இல்லையோ, கணுவுக்குள்ள அடைஞ்ச காத்து சூடேறி வெடிச்சா உன் புருவம் போகும். எரிச்சே ஆகணும்னா ஒவ்வொரு கணுவையும் பொளந்துட்டு எரி. இல்லாட்டி பொடலைக்குப் பந்தல் போடு. அதுதான் அதுக்கு அழகு.

இந்தப் பலகை எங்க கெடைச்சுச்சு? வீடு கட்டுற இடத்துல சென்ட்ரிங் பலகையா? மோந்து பாரு. சும்மா மோந்து பாருய்யா. என்ன வாசம்? காங்கிரீட்டு ஒட்டாம இருக்க வேஸ்ட் ஆயிலத் தடவியிருப்பான், லாரி இஞ்சின்ல இருந்து வடிச்ச எண்ணெய். அதுமேல சிமெண்டு. அதுக்குள்ள ஆணி. பிளைவுட்டா இருந்தா ஒட்டின பசை வேற. நீ சீரகச் சம்பாவும் நெய்யும் பட்டையும் கிராம்பும் போட்டு இறக்குவ, தின்னவன் லாரி செட்டு வாசம் அடிக்குதும்பான். பெயிண்டு அடிச்ச பழைய கதவு, சன்னல், அதெல்லாமும் இதே கணக்குத்தான். அடுப்புக்குக் கிட்டவே கொண்டு போகாத.

அடேங்கப்பா, இது பெட்டிப் பலகை. தூத்துக்குடி ஹார்பர்ல இருந்து வந்ததா? வெள்ளை வெளேர்னு இருக்கு, பிசின் வாசம் வருது. பைன் மரம். இதுதான்யா அசல் சீமை மெதுக்கட்டை. உன் சித்தப்பன் மகன் ஹார்பர்ல சுமை இறக்குறான்ல, அவன் சொல்லிக் கொடுத்தது: பலகையில சூடு போட்ட முத்திரை இருக்கும், அதைத் தேடு. மரப்பெட்டிக்குள்ள பூச்சி ஏறி நாடு விட்டு நாடு போயிரக் கூடாதுன்னு 2002ல உலகத்துக்கே பொதுவா ஒரு விதி போட்டாகளாம். எச்.டி.ன்னு இருந்தா வெறும் சூட்டுல வாட்டுனது. எம்.பி.ன்னு இருந்தா மீத்தைல் புரோமைடுன்னு ஒரு விசவாயு காட்டுனது. உன் கண்ணு நல்லாத் தெரியும், பாரு. எச்.டி.யா? அப்ப எண்ணெய் கிண்ணெய் சிந்தாத பலகையாப் பாத்துப் பொறுக்கி வச்சுக்க. ஆணியப் புடுங்கிரு. சன்னமாப் பொளந்தா பத்த வைக்க அதை விட்டா ஆளில்ல, பிசினு இருக்குல்ல, பொசுக்குனு புடிக்கும். முத்திரையே இல்லாத பலகைய அரளிக்குத் துணையாப் போடு.

பைன எரிச்சா புகைக்கூண்டுல தார் படிஞ்சு தீப்புடிக்கும்னு யூடியூப்புல ஒரு வெள்ளைக்காரன் சொன்னானா? குளிர் தேசத்துல வீட்டுக்குள்ளயே அடுப்பை மூடி வச்சு, கூண்டு வழியாப் புகைய விடுறவுகளுக்கு உள்ள கவலை அது. அங்கயும் தார் ஏறுறது பைனாலங்கிறதை விட, ஈர வெறகை மூச்சு முட்ட மூடி வச்சு மெதுவாப் புகைய விடுறதாலதான். நமக்கு ஏதுய்யா கூண்டு? ஊதுகுழல வச்சுக்கிட்டு நானும் உன் ஆத்தாளும் உக்காந்திருந்தோமே, எங்க நெஞ்சுதான் கூண்டு. படிஞ்சதெல்லாம் அங்கதான் படிஞ்சுச்சு.

ஓசின்னு சொன்னியே, அதைப் பத்தி ஒரு வார்த்தை. அந்தக் கடைசிக் கட்டு கண்மாய்க் கரையில எடுத்ததுதான? தெரியுது, வண்டல் ஒட்டிருக்கு. கண்மாய்க்குள்ள நிக்கிற நாட்டுக் கருவேலமரம் ஆரு பெத்த பிள்ளையும் இல்லைன்னு நினைச்சுக்கிட்டியா? 1981ல ஸ்வீடன் தேசத்துக் காசுல சமூகக் காடு வளர்க்கிறோம்னு கண்மாய் கண்மாயா வனத்துறை நட்டுச்சு. வளந்ததும் ஏலம் விடுவாக, பஞ்சாயத்துக்கு ஒரு பங்கு வரும். ஏலம் எடுத்தவன் மீசைய முறுக்கிக்கிட்டு சைக்கிள்ல வந்து சுத்துவான். ரோட்டோரப் புளியும் அப்படித்தான், கீழ விழுந்த காய்க்குக்கூடக் குத்தகைக்காரன் உண்டு. உதிர்ந்த சுள்ளியப் பொறுக்கினா ஆரும் கண்டுக்க மாட்டாக. நிக்கிற மரத்துல அருவா பட்டாத்தான் வழக்கு. அந்த ஒரு கட்டைப் பொழுது சாஞ்சதும் கொண்டுபோய்க் கரையிலயே போட்டுரு. பகல்ல போடாத. எடுத்தது நீதான்னு ஊருக்கே தெரிஞ்சு போகும்.

பொறுக்குனா ஓசிம்பாக. ஆம்பளைக சொல்றது அது. விடியங்காட்டியும் எந்திரிச்சு, சும்மாட்டைச் சுருட்டி இடுப்புல சொருகி, கஞ்சித் தூக்கோட காட்டுக்குப் போய், முள்ளுக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கி, உச்சி வெயில்ல தலைச்சுமையா வீடு வந்து சேந்தா, திண்ணையில உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு உங்க தாத்தா சொல்லுவாரு: "நம்ம வீட்டுல வெறகுக்குச் செலவே இல்ல." நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அன்னைக்குக் குழம்புல உப்பு மட்டும் கொஞ்சம் கூடிப்போகும்.

நீயும் அதே கணக்குத்தான் போட்டிருக்க. கேஸு மிச்சம்னு. சரி, நானும் ஒரு கணக்குச் சொல்றேன், கையில போன் இருக்குல்ல, தட்டிப் பாரு. கடைக்குப் போடுற சிலிண்டரு 19 கிலோ. அது செய்யிற வேலைய நம்ம ஊரு சாதா அடுப்புல செய்யணும்னா நல்லாக் காஞ்ச வெறகே ஏறத்தாழ 200 கிலோ வேணும். ஏன்னா இந்த அடுப்புல எரியிற சூட்டுல நூத்துக்குப் பத்துப் பதினஞ்சுதான் பாத்திரத்துக்குப் போகுது. மிச்சம் வானத்துக்கும் சமைக்கிறவ மூஞ்சிக்கும். உன் முருங்கைய நம்பி எத்தனை மரம் முறியணும்னு இப்பச் சொல்லு. வாத்தியார் வீட்டுல இனி வீடுதான் மிச்சம்.

அப்ப எதை எரிக்கிறது? சுத்திப் பாரு. கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் என்ன நிக்குது? சீமைக்கருவை. எல்லாரும் திட்டுற மரம். 1877ல வெள்ளைக்காரன் கடப்பைப் பக்கம் கமலாபுரத்துல மொதல்ல கொண்டாந்து போட்டதாச் சொல்றாக. வெறகுப் பஞ்சம் தீரணும்னுதான் போட்டான். பஞ்சம் தீந்துச்சு, அதோட நம்ம புஞ்சையும் தீந்துச்சு. ஆடு காயத் தின்னும், போற இடமெல்லாம் வெதைச்சுட்டு வரும். வெட்டுனா தூர்ல இருந்து நாலாக் கெளைக்கும். 2017ல மதுரைக் கோர்ட்டு எல்லாத்தையும் புடுங்கச் சொல்லுச்சு. ஊரே ஜேசிபியும் கையுமாத் திரிஞ்சுச்சு. அப்புறம் சென்னையில நிறுத்தி வைக்கச் சொன்னாக. இந்தக் கூத்தெல்லாம் நடந்தப்ப அது பாட்டுக்குப் பூத்துக்கிட்டு நின்னுச்சு.

நானும் அதைத் திட்டுவேன். காலையில திட்டுவேன், மத்தியானம் அதுலதான் உலை வைப்பேன். முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கம் எத்தனை குடும்பம் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி வயிறு கழுவுதுன்னு உனக்குத் தெரியாது. கட்டைய அடுக்கி, வைக்கலும் மண்ணும் போட்டு மூடி, காத்துப் புகாம நாள்கணக்குல உள்ளுக்குள்ள கனிய விடணும். ஓட்டை விழுந்துச்சுன்னா உள்ள இருக்கிற அம்புட்டும் சாம்பல். ராத்திரி பூரா ஒருத்தன் காவல் கெடப்பான். நாலஞ்சு கிலோ கட்டைய வச்சா ஒரு கிலோ கரி தேறும்.

தம்முக்கு வர்றேன்னேன்ல. அண்டாவுல அரிசி முக்கால்வாசி வெந்ததும் கீழ எரியிற தீய இழுத்துரணும். மூடிய மாவு வச்சு ஒட்டி, அதுமேல கங்கை அள்ளிக் கொட்டணும். கீழயும் கொஞ்சம் கங்கு. அப்புறம் தீயே இல்லாம அந்தக் கங்கோட சூட்டுலயே பிரியாணி தன்னால முடியணும். இப்ப நீ முருங்கைய எரிச்சிருந்தா அள்ளுறதுக்கு என்ன இருக்கும்? சாம்பல். மூடிக்கு விபூதி பூசுன கணக்காப் போகும். கருவைக் கங்கு ஊதாமலே சிவசிவன்னு நின்னு கனியும். புளியங்கட்டையும் நிக்கும், ஆனா அதைப் பொளக்க உன் கையால ஆகாது, கோடாலி எகிறும். சவுக்கு கெடைச்சா கண்ணை மூடிக்கிட்டு வாங்கு, பச்சையிலயே எரியிற மரம் அது. இங்க நம்ம பக்கம் கருவைதான்.

முள்ளுக்கு மட்டும் பயப்படு. ரப்பர் செருப்புக்குள்ள பூந்து வந்து குத்தும், உள்ளயே ஒடியும், சீழ் வைக்கும். கட்டைக்குள்ள தேளு இருக்கும், தட்டிட்டு எடு. வெட்டுனா வெட்டுன உடனே பொளந்துரு, முழுசா வச்சா உள்ளாற ஈரம் போகவே போகாது. சித்திரை வைகாசி வெயில்ல மண்ணு படாம ரெண்டு கல்லு மேல குறுக்கும் நெடுக்குமா அடுக்கு. காஞ்சுச்சான்னு பாக்க ரெண்டைத் தட்டிப் பாரு, கணீர்னு கேக்கணும். கடையில வாங்குனா காலையில எடை போட விடாத. ராத்திரி ஒரு குடம் தண்ணிய ஊத்தி வச்சிருப்பான், தண்ணிக்கும் சேத்து நீ காசு குடுப்ப. உச்சிப்பொழுதுக்கு மேல போய் வாங்கு.

எங்க வாங்குறதுங்கிறியா? பின்னாடி வந்து பாரு. அந்தத் தகரத்துக்கு அடியில. ஆமா, எல்லாம் நான்தான். போன வருசம் வெட்டுனது, பொளந்து காய வச்சது, முள்ளெல்லாம் சீவியாச்சு. தட்டிப் பாரு. கேட்டுச்சா? எம் பேரை வச்சுக் கடை நடத்துற, எங்கிட்டயே வெறகு வாங்குறதுதான மொறை. கடைக்காரன் என்ன விலை சொல்றானோ, அதுல கிலோவுக்கு ஒரு ரூவா கொறைச்சுக்க, பேரன்ல. தண்ணி தெளிக்க மாட்டேன், வேணும்னா நீயே மத்தியானம் வந்து எடை போடு. கடன் கிடையாது. படத்துல இருக்கிற அந்தக் கிழவிகிட்ட வேணா கடன் கேட்டுப் பாரு.

அந்த முருங்கைய ஏன் மறுபடி வண்டியில ஏத்துற? இங்கயே போட்டுட்டுப் போ. இலைய ஆட்டுக்குட்டி தின்னட்டும். கட்டையச் சன்னமாப் பொளந்து தகரத்துக்கு மேல போட்டா இந்த வெயிலுக்குச் சருகாக் காஞ்சிரும். பத்த வைக்க உனக்கு எப்படியும் சுள்ளி வேணும்ல. ரெண்டு மாசம் கழிச்சு வா, தரேன். அதுக்குத் தனியா விலை போட்டுக்கலாம்.